காம்பொனன்ட் வைத்து மென்பொருள் கட்டுவது: 1968-இல் கேட்டது கிடைத்துவிட்டதா?

தறிநூல்:

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஒரு மாநாடு நடத்தியது. மென்பொருள் எதுவும் சொன்ன தேதியில் முடிவதில்லை, முடிந்தாலும் சரியாக ஓடுவதில்லை என்று எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்த நேரம். பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் அங்கே கேட்டது எளிமையான கேள்வி. வன்பொருள் செய்கிறவர்கள் பட்டியலைப் புரட்டித் தேவையான பாகத்தை வாங்கிக்கொள்கிறார்கள், அப்படி எடுத்துப் பொருத்தும் மென்பொருள் பாகங்கள், அதாவது காம்பொனன்ட்கள், இல்லாமல் நாம் மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்?

பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதிதான். சைன் கணக்கிடும் ஒரு சின்ன நிரலை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். நல்லதாக ஒன்று எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. துல்லியம் எவ்வளவு, எந்த எல்லைக்குள் இருக்கும் எண்களை ஏற்கும், எல்லை தாண்டினால் என்ன ஆகும், எவ்வளவு இடம் எடுக்கும், எவ்வளவு வேகம் என்று ஒவ்வொன்றிலும் வேறுபடும் ஒரு குடும்பமே வேண்டும், வாங்குகிறவர் உள்ளே திறந்து பார்க்காமலே தன் தேவைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும் என்றார்.

இன்று பட்டியல் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், பைத்தானுக்கு பைபிஐ, ஜாவாவுக்கு மேவன் சென்ட்ரல் என்று பிறர் எழுதிய பேக்கேஜ்களை எடுத்துக்கொள்ளும் இடங்கள் எல்லாம் அந்தப் பட்டியல்தான், அவர் நினைத்ததைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் இரண்டாவது பாதி? ஒரு பேக்கேஜின் பக்கத்துக்குப் போனால் எப்படி நிறுவுவது என்று ஒரு வரி, எப்படி அழைப்பது என்று நாலு வரி, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் எண். எந்த எல்லைக்குள் சரியாக வேலை செய்யும், தன்னைச் சுற்றி என்னவெல்லாம் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது என்பது அநேகமாக எங்கேயும் இருக்காது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். அம்பது வருடத்துக்கும் மேலாக இந்தத் துறையில் வந்த ஒவ்வொரு காம்பொனன்ட் முறையும் ஒரே ஒரு விஷயத்தோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறது: ஒரு துண்டு நிரல் தன் சூழலைப் பற்றி வாய் திறக்காமல் நம்பிக்கொண்டிருப்பதை எப்படி எழுத்தில் கொண்டுவருவது. அதைச் செய்த அளவுக்கு ஒவ்வொரு முறையும் வென்றது, செய்யாமல் விட்ட இடத்தில் அடி வாங்கியது.

---

விபிகாலத்தவன்:

நல்ல இழை. ஆனால் பட்டியலிலிருந்து எடுத்துப் பொருத்துவது என்பது என்பிஎம் காலத்தில்தான் நடந்தது என்பதுபோல இருக்கிறது உங்கள் பதிவு, அதை ஒப்புக்கொள்ள முடியாது. 1991-இல் விஷுவல் பேசிக் வந்தது, கூடவே விபிஎக்ஸ், அதாவது அதில் செருகிக்கொள்ளத் தயாராகக் கிடைக்கும் பாகங்கள் (கன்ட்ரோல்). கிரிட் வேண்டுமா, சார்ட் வேண்டுமா, மோடம் வழியாகப் பேச வேண்டுமா, எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் கன்ட்ரோல் விற்றார். காசு கொடுத்து வாங்கி, டூல்பாக்ஸில் சேர்த்து, ஃபார்மில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. நிரல் எழுதவே படிக்காத கணக்காளர்கள்கூடத் தங்கள் அலுவலகத்துக்குத் தேவையானதைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அந்தச் சந்தை நிஜமானது, அதில் பிழைத்த சின்னச் சின்ன நிறுவனங்கள் ஏராளம்.

அது ஏன் ஓடியது என்றால், ஒரு கன்ட்ரோல் வெளியே எப்படித் தெரிய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. ப்ராப்பர்ட்டி, மெத்தட், ஈவென்ட், இவ்வளவுதான். ப்ராப்பர்ட்டி ஜன்னலைத் திறந்தாலே அந்த கன்ட்ரோலிடம் என்னவெல்லாம் மாற்றலாம் என்று தெரிந்துவிடும், கையேடுகூட வேண்டாம். எழுதியவர் யார், எந்த மொழியில் எழுதினார் என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இன்று வரை அதைவிட எளிதாக ஒரு காம்பொனன்ட் முறை சாதாரண மனிதர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, எங்கே அடிபட்டது? டிஎல்எல் நரகம், அதாவது பல நிரல்கள் பகிரும் பொது ஃபைல்களின் பதிப்பு மோதல். ஒரு வாடிக்கையாளரிடம் நாங்கள் கட்டிக்கொடுத்த சரக்கு மென்பொருள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அவர்கள் வேறு யாரோ கொடுத்த ஒரு ஃபேக்ஸ் மென்பொருளை நிறுவினார்கள். அதன் இன்ஸ்டாலர் ஒரு பொது கன்ட்ரோலின் பழைய பதிப்பைக் கொண்டுவந்து சிஸ்டம் ஃபோல்டரில் இருந்த புதியதன் மேலேயே எழுதிவிட்டது. மறுநாள் எங்கள் ஃபார்ம் திறக்கவில்லை. எங்கள் கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, அவர்களும் தங்களளவில் தப்பாக எதையும் செய்ததாக நினைக்கவில்லை. எனக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று என் நிரல் எங்கேயும் சொல்லவில்லை, சொல்வதற்கு இடமும் இல்லை. அந்த வகையில் தறிநூல் சொல்வது சரிதான்.

---

நுண்செயலி:

விபிகாலத்தவன் சார் சொன்ன அந்தக் கோளாறை மைக்ரோசாஃப்டின் காம் என்ற காம்பொனன்ட் முறை எப்படிச் சமாளிக்கப் பார்த்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே அழகான யோசனை, தோற்றுப்போன சரக்கு என்று இன்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

1993-இல் வந்த காமில் எல்லா இன்டர்ஃபேஸுக்கும், அதாவது ஒரு பொருளை வெளியிலிருந்து அழைக்கக்கூடிய செயல்களின் பட்டியலுக்கும், அடி வேர் ஐஅன்நோன். அதில் மூன்றே மூன்று செயல்கள். குவரிஇன்டர்ஃபேஸ், ஆட்ரெஃப், ரிலீஸ். பின்னவை இரண்டும் எத்தனை பேர் கையில் இந்தப் பொருள் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள. முதலாவதுதான் விஷயம். ஒரு பொருளின் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு இந்த இன்டர்ஃபேஸ் தெரியுமா என்று ஓட்டத்தின் நடுவே கேட்கலாம். தெரிந்தால் தரும், தெரியாவிட்டால் இல்லை என்று முறையாகச் சொல்லும். கேட்பதும் பெயரை வைத்து இல்லை, 128 பிட் அடையாள எண்ணை வைத்து, ஆகவே இரண்டு பேர் ஒரே பெயர் வைத்தாலும் மோதல் வராது.

இதற்கு மேல் ஒரு சட்டம்: ஒருமுறை வெளியிட்ட இன்டர்ஃபேஸை எப்போதும் மாற்றக் கூடாது. ஒரு செயலைச் சேர்க்க வேண்டுமா, புது எண்ணோடு புது இன்டர்ஃபேஸ் எழுது, பழையதையும் கூடவே வைத்திரு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு நிரல் எழுதியவர்கள் ஐஎச்டிஎம்எல்டாக்குமென்ட்2, 3, 4, 5 என்று வரிசையாகப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் 2-ஐ நம்பி எழுதிய பழைய நிரலுக்கு 5 வந்ததே தெரியாது, அது பாட்டுக்கு ஓடும்.

ஆனால் இந்தச் சட்டம் காப்பாற்றியது இன்டர்ஃபேஸின் வடிவத்தை மட்டும்தான். எத்தனை செயல்கள், எந்த வரிசையில், என்ன வகை மதிப்புகள் என்பதை. உள்ளே அந்தச் செயல் என்ன செய்கிறது என்பதை எந்த எண்ணாலும் பூட்ட முடியாது. அதோடு எந்த எண்ணுக்கு எந்த ஃபைல் என்ற பதிவு முழுவதும் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற ஒரே பொது இடத்தில் இருந்தது. ஒருவர் வந்து அந்தப் பதிவை மாற்றினால் கணினியில் இருக்கும் எல்லாருக்கும் மாறிவிடும். பிறகு மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளம் வந்தபோது (2002) ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம் என்று வழி செய்தார்கள். ஜாவாவில் ஓஎஸ்ஜிஐ என்ற காம்பொனன்ட் முறை இன்னும் கறாராகச் செய்தது. ஒவ்வொரு பண்டிலும் (அங்கே காம்பொனன்ட்டின் பெயர்) தன் மேனிஃபெஸ்ட் என்ற விவர ஃபைலில் எந்தெந்த பேக்கேஜை, எந்தப் பதிப்பு வரம்புக்குள் உள்ளே எடுக்கிறேன், எதை வெளியே கொடுக்கிறேன் என்று எழுதியே ஆக வேண்டும், எழுதாதது கண்ணுக்கே தெரியாது. எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் கருவி 2004-இல் 3.0 பதிப்பில் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது, அவ்வளவு பெரிய ப்ளகின் உலகம் அதற்குப் பிறகும் பல வருடம் தாங்கியது.

---

கார்த்திகைப்பூ:

வடிவம் சரியாக இருந்தும் உள்ளே நம்பிக்கை தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏரியான் 5-ஐவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பலருக்கு "ஓவர்ஃப்ளோ பிழை, ராக்கெட் வெடித்தது" என்ற அளவில்தான் தெரியும். விசாரணை அறிக்கையைப் படித்தால் அது முழுக்க முழுக்க ஒரு காம்பொனன்ட் மறுபயன்பாட்டுக் கதை.

1996 ஜூன் 4. ஏரியான் 5-இன் முதல் பயணம். ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்து சொல்லும் கருவியின் மென்பொருளை ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வருடக்கணக்கில் பறந்து நிரூபித்த மென்பொருள், அதைத் தொடாமல் விடுவதுதான் பாதுகாப்பு என்று யாருமே நினைப்பார்கள். அதில் ஒரு பகுதி, தரையில் நிற்கும்போது கருவியை நேர்ப்படுத்துவதற்கானது. ஏரியான் 4-இல் கடைசி நேரத்தில் கவுண்ட்டவுனை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து நேர்ப்படுத்தாமல் இருக்க, அந்தப் பகுதி கிளம்பிய பிறகும் சுமார் 40 வினாடி ஓடிக்கொண்டிருக்கும்படி வைத்திருந்தார்கள். ஏரியான் 5-க்கு அந்தத் தேவையே கிடையாது. இருந்தாலும் கூடவே வந்துவிட்டது.

அந்தப் பகுதியில் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு. 64 பிட் மிதவை எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றுகிறார்கள். இப்படி மாற்றும்போது வழியும் அபாயம் உள்ள மாறிகள் ஏழு, அவற்றில் நாலுக்குப் பாதுகாப்பு போட்டார்கள். மீதி மூன்றுக்குப் போடவில்லை. மறதியால் இல்லை. கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருந்தது, இந்த மூன்றும் அந்த அளவுக்குப் போகவே போகாது என்று முடிவு செய்தார்கள். ஏரியான் 4-இன் பாதையில் அது சரி. ஏரியான் 5 கிளம்பியதுமே அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகரும் ராக்கெட்.

எண் 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்தது, காப்புக்காக வைத்திருந்த இரண்டாவது கருவி நின்றது. அதே மென்பொருள் ஓடும் முதன்மைக் கருவியும் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே காரணத்துக்காக நின்றது. ஒரே காம்பொனன்ட்டை இரண்டு பிரதி வைத்தால் வன்பொருள் கோளாறுக்குத்தான் அது பாதுகாப்பு, தப்பான நம்பிக்கைக்கு இல்லை. நின்ற கருவி அனுப்பிய கோளாறுக் குறிப்பை முதன்மைக் கணினி பறக்கும் தரவு என்று படித்து முனைகளைத் திருப்பியது, சுமார் 40 வினாடியில் எல்லாம் முடிந்தது.

எனக்கு மனதில் நிற்பது அறிக்கையில் வரும் இன்னொரு தகவல். அந்தக் கருவிக்கான தேவைக் குறிப்பில் ஏரியான் 5-இன் பாதை விவரங்களைச் சேர்க்க வேண்டாம் என்று சம்பந்தப்பட்ட தரப்புகள் சேர்ந்தே முடிவு செய்திருந்தார்கள். ஒரே ஒரு வரி, "இந்த மதிப்பு இவ்வளவுக்குள் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது" என்று இன்டர்ஃபேஸில் இருந்திருந்தால், புது ராக்கெட்டின் பாதையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

---

தறிநூல்:

நன்றி கார்த்திகைப்பூ. 1968-இல் மெக்கில்ராய் கேட்ட சைன் நிரலின் எல்லை வரம்பு அப்படியே இங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

இடையில் 1972-ஐ விட்டுவிடக் கூடாது. கணினி ஆய்வாளர் டேவிட் பார்னஸ் ஒரு சின்ன அகர வரிசை நிரலை எடுத்து அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதம், வேலை நடக்கும் வரிசைப்படி: படி, நகர்த்து, வரிசைப்படுத்து, அச்சிடு. அந்த நாளில் எல்லாரும் அப்படித்தான் பிரித்தார்கள். இரண்டாவது விதம், பிற்பாடு மாறக்கூடிய முடிவுகளைக் கண்டுபிடித்து ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் (நிரலின் தனிப் பகுதிக்குள்) ஒளித்துவைப்பது. இரண்டும் ஒரே விடையைத் தரும். ஆனால் வரிகளை நினைவகத்தில் வைக்கும் முறையை மாற்றினால் முதலாவதில் எல்லா மாட்யூலையும் தொட வேண்டும், இரண்டாவதில் ஒன்றே ஒன்றை. இன்று ஒரு கோடை எங்கே வெட்டுவது என்று தடுமாறுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: எது மாறும் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் 1973-இல் யூனிக்ஸில் பைப், ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குள் நேராக அனுப்பும் வழி. அதையும் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் மெக்கில்ராய்தான், கென் தாம்சன் எழுதிக்கொடுத்தார். எழுத்துகளின் ஓட்டம் உள்ளே வரும், எழுத்துகளின் ஓட்டம் வெளியே போகும், அவ்வளவுதான் ஒப்பந்தம். அவ்வளவு சின்னது என்பதால்தான் இன்றும் நிற்கிறது. அதிலும் சொல்லாத நம்பிக்கை ஒன்று உண்டு, ஒரு வரி என்றால் ஒரு பொருள் என்று. ஃபைல் பெயருக்குள் வரி முறிவு இருந்தால் பாதி ஷெல் நிரல்கள் தடம் புரளும்.

---

இளவெயில்:

நான் ஃப்ரன்ட்எண்ட், அதாவது இணையப் பக்கத்தில் பயனர் பார்க்கும் பகுதியை எழுதும் வேலை செய்கிறவள். இதையெல்லாம் படித்தால் நாங்கள் காம்பொனன்ட் என்று சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றுதானா என்று சந்தேகம் வருகிறது. அதற்குப் பயன்படும் ரியாக்ட் லைப்ரரி 2013-இல் வெளிவந்ததிலிருந்து காம்பொனன்ட் என்றால் எங்களுக்கு ஒரு ஃபங்ஷன் மாதிரி: ப்ராப்ஸ் என்ற உள்ளீடு உள்ளே போகும், திரையில் என்ன வர வேண்டும் என்பது வெளியே வரும். விபிகாலத்தவன் அண்ணா சொன்ன கன்ட்ரோலுக்கும் இதற்கும் சொந்தம் இருப்பது தெரிகிறது. ஆனால் தனியாக நிறுவுவது, பதிப்பு எண் எல்லாம் இல்லையே, எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து போகிறது?

---

நுண்செயலி:

க்ளெமன்ஸ் ஷிபர்ஸ்கி முதலானோர் 1996-இல் ஒரு பயிலரங்கில் காம்பொனன்ட்டுக்கு வகுத்த வரையறைதான் இன்றும் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது. அதன் சாரம்: ஒப்பந்தமாகச் சொல்லப்பட்ட இன்டர்ஃபேஸ் இருக்க வேண்டும், சூழலிடமிருந்து தனக்கு என்ன தேவை என்பதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், தனியாக நிறுவ முடிய வேண்டும், எழுதியவருக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் நபர் எடுத்துப் பொருத்த முடிய வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் புராஜெக்ட்டுக்குள் இருக்கும் ஒரு பட்டன், காம்பொனன்ட் ஆகாது, அது நன்றாகப் பிரிக்கப்பட்ட மாட்யூல். அதையே பேக்கேஜாக வெளியிட்டால் ஆகிறது.

---

தறிநூல்:

நுண்செயலி, தனியாக நிறுவுவதை அவ்வளவு கறாராக வைத்தால் நல்ல பாதி உதாரணங்கள் வெளியே போய்விடும். என்னைப் பொறுத்தவரை அந்த வரையறையில் உயிர் இருப்பது இரண்டாவது நிபந்தனையில்தான், சூழலிடம் கேட்பதை வெளிப்படையாகச் சொல்வது. ஆப்ஜெக்ட் நிரலாக்கம் வந்தபோது, பிராட் காக்ஸ் ஆப்ஜெக்டிவ்-சி மொழியை உருவாக்கிய காலத்தில், இனி ஐசி சிப் போல மென்பொருளையும் வாங்கிச் செருகலாம் என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்டின் வார்ப்பு) தான் கொடுப்பதை நன்றாகவே சொல்லும். தனக்கு வேண்டியதைச் சொல்லாது. உள்ளுக்குள்ளேயே இன்னொரு கிளாஸை உருவாக்கிக்கொள்ளும், ஒரு குளோபல் மாறியைப் படிக்கும். சிப் அப்படி இல்லை, அதற்கு வேண்டிய ஒவ்வொன்றும் ஒரு கால் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும்.

இளவெயில், உங்கள் ரியாக்டிலேயே பாருங்கள். ப்ராப்ஸ் மட்டும் வாங்கும் காம்பொனன்ட்டை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அதற்குள், மேலிருந்து ஒரு பொது மதிப்பைப் படிக்கும் யூஸ்கான்டெக்ஸ்ட் என்று ஒரு வரி எழுதிய கணத்தில், மேலே எங்கேயோ அந்த மதிப்பைத் தரும் ஒரு புரொவைடர் இருக்கிறது என்று அது நம்ப ஆரம்பித்துவிடுகிறது. அந்த நம்பிக்கை ப்ராப்ஸ் பட்டியலில் தெரியாது, வகை சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்டும் சொல்லாது. வேறு பக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் டீஃபால்ட் மதிப்பை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தப்பாக ஓடும். கான்டெக்ஸ்ட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை, அது தேவையான கருவி. வெளியே கொடுக்கும் காம்பொனன்ட்டில் புரொவைடர் இல்லையென்றால் முதல் ரெண்டரிலேயே தெளிவான எரர் வரும்படி செய்யுங்கள், நம்பிக்கை எழுத்துக்கு வந்துவிடும்.

---

விபிகாலத்தவன்:

90-களின் பெரிய திட்டங்களையும் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. கோர்பா 1991-இல் வந்தது, எந்த மொழியில் எழுதினாலும் எந்தக் கணினியில் இருந்தாலும் பொருள்கள் ஒன்றோடொன்று பேசலாம் என்றது. குழு கூடிக் கூடி எழுதிய விவரக்குறிப்பு ஊதிக்கொண்டே போனது. ஆப்பிளின் ஓப்பன்டாக், ஒரே ஆவணத்துக்குள் ஆளுக்கொரு பாகம் என்று ஆரம்பித்து 1997-இல் கைவிடப்பட்டது. 1998-இல் இஜேபி, ஜாவாவில் பெரிய நிறுவன மென்பொருளுக்கான முறை, அதில் காம்பொனன்ட்டின் பெயர் பீன். அதன் இரண்டாம் பதிப்பு வரை ஒரு பீன் எழுத ஹோம் இன்டர்ஃபேஸ் ஒன்று, ரிமோட் இன்டர்ஃபேஸ் ஒன்று, பீன் கிளாஸ் ஒன்று, மேலே எக்ஸ்எம்எல் விவர ஃபைல். வாடிக்கையாளரின் முகவரியை எடுத்துக் காட்டுவதற்கு இவ்வளவு. அலுத்துப்போனவர்கள் 2004-இல் ஸ்ப்ரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் 1.0 பதிப்பு வந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

இதில் தறிநூலுக்கு ஒரு மறுப்பு. இஜேபியில் எல்லாமே எழுத்தில் இருந்தது. பரிவர்த்தனை எப்படி, யாருக்கு அனுமதி, எதைச் சார்ந்திருக்கிறது, எல்லாம் அந்த எக்ஸ்எம்எல்லில். எழுத்தில் கொண்டுவந்தால் வெல்லும் என்றால் அது ஏன் தோற்றது?

---

தறிநூல்:

நியாயமான கேள்வி, சார். அதில் எழுதவைத்தது பீன்களை ஓட்டும் கன்டெய்னருக்கு வேண்டியதை. காம்பொனன்ட்டைப் பயன்படுத்துகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதை இல்லை. ஒரு பீனின் பரிவர்த்தனை அமைப்பு நாலு வரியில் இருக்கும், ஆனால் ஒரு ஆர்டரை இரண்டு முறை அனுப்பினால் என்ன ஆகும் என்று எங்கேயும் இருக்காது. எழுதுகிற செலவு எழுதுகிறவருக்கு, பலன் வேறு யாருக்கோ. ஸ்ப்ரிங்கில் பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும், சார்ந்திருப்பது அங்கேயே தெரிந்துவிடும், டெஸ்ட் எழுதுவதும் சுலபமாகிவிடும். எழுதியவருக்கே உடனே பலன் கிடைத்ததால்தான் அந்தப் பழக்கம் நிலைத்தது.

---

கார்த்திகைப்பூ:

இன்றைய பட்டியல்களுக்கு வருவோம். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட். ஒரு எழுத்துச் சரத்தின் இடது பக்கம் இடைவெளி நிரப்பும் 11 வரி. அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார், பேபல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உட்பட அதை நேராகவோ சுற்றிவளைத்தோ இழுத்துக்கொண்டிருந்த புராஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. 11 வரிக்கு ஒரு டிபென்டன்சியா என்று பலரும் கேட்டார்கள். எனக்கு வரி எண்ணிக்கை பெரிதாகப் படவில்லை. அந்தப் பேக்கேஜ் எப்போதும் அங்கே இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள், யாரும் அப்படி வாக்குக் கொடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எடுத்துவிடுவதற்கு என்பிஎம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை. இது இன்னும் ஆழம். லாக் (நிகழ்வுக் குறிப்பு) எழுதும் லைப்ரரி என்றால் கொடுத்த வரியை ஃபைலில் எழுதும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அந்த வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால், அது வெளியே நெட்வொர்க்கில் போய்த் தேடி, கிடைத்த கோடை ஓட்டவும் கூடும். ஒரு பயனர் தன் பெயருக்குப் பதிலாக அந்த வடிவத்தை டைப் செய்தால் போதும். அந்த வசதியை ஒளித்தெல்லாம் வைக்கவில்லை, ஆவணத்தில் இருந்தது. ஆனால் "இந்த லைப்ரரிக்கு நெட்வொர்க் தேவை" என்று பொருத்துகிறவரின் கண்ணில் படும் இடத்தில் எதுவும் இல்லை. என்பிஎம்மில் சார்ந்திருக்கும் பேக்கேஜ்களைத்தான் எழுதுகிறோம். ஃபைல், நெட்வொர்க், கடிகாரம் இவற்றையெல்லாம் ஒவ்வொரு பேக்கேஜும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது.

---

நுண்செயலி:

அதனால்தான் வெப்அசெம்ப்ளி (பல மொழி நிரல்களை அடைத்துவைத்து ஓட்டும் பைனரி வடிவம்) பக்கம் நடப்பதை நான் ஆர்வமாகப் பார்க்கிறேன். அங்கே காம்பொனன்ட் மாடல் என்றே பெயர். ஒவ்வொரு காம்பொனன்ட்டும் எதை உள்ளே எடுக்கிறது, எதை வெளியே கொடுக்கிறது என்று ஒரு விவரத்தில் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் அந்த நிரல்கள் வெளி உலகைத் தொட உதவும் வாசி என்ற இன்டர்ஃபேஸ் தொகுப்பின் 0.2 பதிப்பு அதன் மேல்தான் வந்தது. நெட்வொர்க்கை இம்போர்ட் செய்யாத காம்பொனன்ட்டால் நெட்வொர்க்கைத் தொடவே முடியாது, ஆசைப்பட்டாலும் முடியாது. லாக் எழுதும் ஒரு காம்பொனன்ட் நெட்வொர்க் இணைப்புக்கான சாக்கெட் கேட்கிறது என்றால் பொருத்தும்போதே தெரிந்துவிடும். ஐஅன்நோன் கேள்வி கேட்க வழி செய்தது, இது கேட்காததைத் தரவே மாட்டேன் என்கிறது. இன்னும் இளம் பயிர், கருவிகள் எல்லாம் சீராக வர நாளாகும்.

---

தறிநூல்:

அதுவும் வடிவத்தைத்தான் பூட்டும், நடத்தையை இல்லை. அதற்கு ஒரு நல்ல சம்பவம் இருக்கிறது. சி மொழியில் நினைவகத்தின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் மெம்காப்பி, உலகத்திலேயே அதிகம் பயன்படும் துண்டுகளில் ஒன்று. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன் மேல் ஒன்று படியக் கூடாது, படிந்தால் மெம்மூவ் பயன்படுத்து என்று தரநிலையிலேயே இருக்கிறது. 2010-இல் சில செயலிகளில் வேகத்துக்காக, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில் அது பின்னாலிருந்து முன்னால் நகலெடுக்கும்படி மாறியது. ஃபெடோரா 14 லினக்ஸில், உலாவியில் படமும் ஒலியும் ஓட்டும் ஃப்ளாஷ் வழியாக வரும் ஒலி கரகரக்க ஆரம்பித்தது. ஃப்ளாஷ் படியும் இடங்களில் மெம்காப்பியை அழைத்துக்கொண்டிருந்தது, முன்னாலிருந்து நகலெடுத்த காலத்தில் அது தற்செயலாகச் சரியாக வந்தது. ஒப்பந்தப்படி ஃப்ளாஷ்தான் தப்பு. ஆனாலும் பயனரின் காதில் கேட்பது கரகரப்பு. லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே அந்தப் பிழை அறிக்கையில் வந்து வாதாடினார். கடைசியில் ஜிலிப்சி 2.14-இல் மெம்காப்பிக்குப் புதுப் பதிப்புச் சின்னம் கொடுத்தார்கள். பழைய பைனரிகளுக்குப் பழைய நடத்தை, புதிதாக லிங்க் செய்கிறவர்களுக்குப் புதியது.

இதை ஹைரம் விதி என்பார்கள்: பயன்படுத்துகிறவர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நீ என்ன வாக்குக் கொடுத்தாய் என்பது பொருட்டல்ல, கண்ணில் படும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார். கோ மொழிக்காரர்கள் இதற்கு எடுத்த வழி எனக்குப் பிடிக்கும். மேப்பின் (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) மேல் ஒவ்வொன்றாகச் சுற்றும்போது வரிசை உறுதியில்லை என்று ஆவணத்தில் எழுதினார்கள், அதோடு நிற்காமல் ஒவ்வொரு முறையும் வரிசையை வேண்டுமென்றே கலைத்துவிட்டார்கள். நம்பவே முடியாது, முதல் நாளே டெஸ்ட் உடையும்.

செம்வரை, அதாவது பதிப்பை மூன்று எண்களால் குறிக்கும் வழக்கத்தை, பற்றிக் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நடு எண் மாறினால் எதுவும் உடையாது என்பது எழுதியவரின் அபிப்பிராயம், அளந்து சொன்னதில்லை. எந்தெந்தப் பதிப்பு என்று பூட்டிவைக்கும் லாக் ஃபைலை (நிகழ்வுக் குறிப்பு லாக் இல்லை) கமிட் செய்யுங்கள், எப்போது புதுப்பிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

---

இளவெயில்:

எல்லாம் சரி, நாளைக்கு நான் ஒரு டேட் பிக்கர் (பயனர் தேதியைத் தேர்ந்தெடுக்கும் காம்பொனன்ட்) தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று இருக்கின்றன, மூன்றுமே பார்க்க நன்றாக இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

---

தறிநூல்:

உதாரணப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் அதனிடம் எதை நம்பப்போகிறீர்களோ அதை முதலில் எழுதுங்கள். தேதியை என்ன வடிவில் தரும், எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் 'நல்' என்ற வெற்று மதிப்பைத் தருமா 'அன்டிஃபைன்ட்' என்று தருமா, கீபோர்டால் மட்டும் இயக்க முடியுமா, அதன் சிஎஸ்எஸ் வெளியே கசியுமா. அந்த ஒவ்வொன்றையும் உங்கள் பக்கத்தில் ஒரு சின்ன டெஸ்டாக வையுங்கள், அவர்கள் ரெப்போவில் இல்லை, உங்கள் ரெப்போவில். பதிப்பை ஏற்றும்போதெல்லாம் அது ஓடட்டும். பேக்கேஜை நேராக எல்லா இடத்திலும் இம்போர்ட் செய்யாமல் உங்களுடைய ஒரே ஒரு ஃபைல் வழியாக மட்டும் எடுங்கள், மாற்ற வேண்டி வந்தால் அங்கே மட்டும் மாற்றலாம்.

தேதி விஷயத்தில் குறிப்பாக ஒன்று. ஜாவாஸ்கிரிப்டில் 2024-03-10 என்று தேதி மட்டும் உள்ள சரத்தை டேட்டுக்குக் கொடுத்தால் யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதோடு மணியும் சேர்த்து, மண்டலம் சொல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். யுடிசிக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் முதல் வகை ஒரு நாள் முந்தைய தேதியைக் காட்டும், உங்கள் கணினியில் எந்தக் கோளாறும் தெரியாது.

---

இளவெயில்:

டெஸ்டை ஓட்டும்போது நேர மண்டலத்தை மாற்றிவைத்து மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று நேராகச் சரத்தையே தருகிறது, அதில் பிரச்சினை இல்லை. இரண்டாவது 9-ஆம் தேதியைக் காட்டியது. மூன்றாவது சரியாகக் காட்டியது, ஆனால் சேமிக்கும்போது தேதியை யுடிசி சரமாக மாற்றும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் வழியாகப் போவதால் யுடிசிக்கு முன்னால் இருக்கும் மண்டலங்களில் ஒரு நாள் பின்னால் போகிறது. முதலாவதை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் டெஸ்டோடு இஷ்யூ போட்டுவிட்டேன்.